அந்த முதல் இரண்டு வாரங்கள்: கோவிட் காலம் சிலிம் ரிவர் போன்ற ஊர்களுக்குச் சொல்லிச் சென்றது என்ன?

சிலிம் ரிவர், மார்ச் 18 –

2020ஆம் ஆண்டு மார்ச் 16, திங்கட்கிழமை இரவு மணி 10. அப்போதைய பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, மார்ச் 18 முதல் 31 வரை நாடு முழுவதும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வருவதாக அறிவித்தார். உணவுப் பொருள்கள் போதுமான அளவு இருக்கின்றன, பதற்றம் வேண்டாம் என்றும் அதே உரையில் கேட்டுக்கொண்டார்.

ஆனால், மறுநாள் காலையில் நாடெங்கும் கடைகளின் முன்னால் வரிசை நின்றது. அரிசி, முட்டை, ரொட்டி, மேகி, கைத்தூய்மி எல்லாம் அலமாரிகளிலிருந்து காணாமல் போயின. 14 நாள் என்று சொல்லித் தொடங்கிய ஆணை, பலமுறை நீட்டிக்கப்பட்டு, மே 4ஆம் தேதிதான் முதன்முறையாகத் தளர்த்தப்பட்டது.

அந்த ஆணை அமலுக்கு வந்து 2025 மார்ச் 18ஆம் தேதியுடன் ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்தன. நோயின் கதையைப் பலரும் எழுதிவிட்டனர். நோய் வருகிறது என்று தெரிந்த அந்தத் தொடக்க நாள்களில் மக்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், எது பலன் தந்தது என்பது அதிகம் பேசப்படவில்லை. சிலிம் ரிவர் போன்ற தோட்டம் சூழ்ந்த சிற்றூர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் முதல் இரண்டு வாரங்களை அந்தந்த ஊர்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

*தூரத்தில் இருந்த நோய்*

மலேசியாவில் முதல் மூன்று கோவிட்-19 நோயாளிகள் 2020 ஜனவரி 25ஆம் தேதி உறுதி செய்யப்பட்டனர். மூவரும் சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்கு வந்த சீன நாட்டவர்கள். பிப்ரவரி நடுப்பகுதி வரை மொத்த எண்ணிக்கை 22 மட்டுமே. அந்த 22 பேரும் குணமடைந்தனர். அதன் பிறகு 11 நாள்கள் ஒரு புதிய தொற்றும் பதிவாகவில்லை.

அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 8ஆம் தேதி வந்தது. ஈப்போ குனோங் சீரோ, பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை ஆகிய இடங்களில் காவடிகள் எப்போதும்போல் ஆடின. அப்போது நாட்டில் நோய் கண்டவர்கள் 20 பேர்கூட இல்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில் நாட்டின் கவனம் முழுவதும் அரசியல் பக்கம் திரும்பியது. பிரதமர் பதவி விலகினார், ஆட்சி மாறியது. கோப்பிக் கடைப் பேச்சில் நோய்க்கு இடமில்லை.

இதற்கிடையில் பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங்கில் சுமார் 16 ஆயிரம் பேர் கலந்துகொண்ட சமய ஒன்றுகூடல் நடந்தது. அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் தொற்று பல மாநிலங்களில் தெரிய ஆரம்பித்தது. மார்ச் 15 அன்று ஒரே நாளில் 190 புதிய தொற்றுகள் பதிவாயின. மறுநாள் மொத்த எண்ணிக்கை 553 ஆனது. மார்ச் 17 அன்று நாட்டின் முதல் இரண்டு மரணங்கள் அறிவிக்கப்பட்டன.

22 என்ற எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, ஒரு மாத இடைவெளியில் 553 என்பதும் முழு நாட்டையும் மூடுவது என்பதும் சேர்ந்தே வந்தன. மெதுவாகப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. பதற்றத்தின் முதல் காரணம் அதுதான்.

*கூட்டம் கூடாதே என்றதும் கூடிய கூட்டம்*

கடைகளில் அள்ளிச் சென்றவர்களை அன்று பலரும் கேலி செய்தனர். ஆனால், அவர்கள் செய்த கணக்கு எளிமையானது. எந்தக் கடை திறந்திருக்கும், எந்த நேரம் திறந்திருக்கும், யார் வெளியே போகலாம் என்பதெல்லாம் அன்றிரவு யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மூட்டை அரிசி வாங்குவதைப் பார்த்தவர், தனக்கு மிஞ்சாது என்று நினைத்துத் தானும் இரண்டு மூட்டை வாங்கினார். கையிருப்பு போதும் என்ற அறிவிப்பு உண்மையாகவே இருந்தாலும், எல்லாரும் ஒரே காலையில் வாங்கினால் அலமாரி காலியாகத்தான் செய்யும். காலி அலமாரியின் படம் புலனத்தில் வந்ததும் அடுத்த ஊரிலும் வரிசை நின்றது.

இன்னொரு கூட்டம் சாலையில் திரண்டது. பேரா உட்பட பல மாநிலங்களில் அப்போது பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்தது. விடுமுறை நீள்கிறது என்று நினைத்துப் பலர் ஊருக்குக் கிளம்பினர். மாநிலம் விட்டு மாநிலம் செல்ல காவல் துறையின் அனுமதி வேண்டும் என்று மார்ச் 17 அன்று அறிவிப்பு வந்ததும் போலீஸ் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. அந்த நிபந்தனை அன்றிரவே நிறுத்தி வைக்கப்பட்டது. நெரிசலைத் தவிர்க்கச் சொன்ன அறிவிப்பே நெரிசலை உண்டாக்கியது.

கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஊர் சிலிம் ரிவர். நெடுஞ்சாலையும் மின்சார ரயிலும் இருப்பதால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வீடு இரண்டு மணி நேரத்திற்குள் வந்துவிடும். ஆபத்து வந்தால் அம்மா வீட்டுக்குப் போவது நம் மக்களின் இயல்பு. ஆனால் இந்த நோயில், நகரத்தில் இருந்த இளையவர் தமக்கே தெரியாமல் கிருமியைச் சுமந்து வந்து வீட்டில் உள்ள முதியவரிடம் சேர்த்துவிடக்கூடும். பாசம் காட்டிய வழியே அன்று ஆபத்தான வழியாகவும் இருந்தது.

*சேமிக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும்*

'இரண்டு வாரத்திற்கு வேண்டிய பொருளை வாங்கி வையுங்கள்' என்பது நல்ல ஆலோசனைதான். ஆனால், கையில் இரண்டு வாரப் பணம் இருப்பவருக்கே அது பொருந்தும். முன்னேற்பாடு என்பதும் ஒரு வசதி என்பதை அந்த மாதம் வெளிப்படையாகக் காட்டியது.

2020 பிப்ரவரி முதல் பெரு நகரங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 வெள்ளியாக இருந்தது. சிலிம் ரிவர் போன்ற மாவட்ட மன்றப் பகுதிகளில் அது 1,100 வெள்ளியாக இருந்தது. அந்தச் சம்பளமும் இல்லாத நாள்கூலிக்காரர்கள், லாரி உதவியாளர்கள், சாப்பாட்டுக் கடை ஊழியர்கள், கல்யாண மேடை அலங்காரம் செய்பவர்கள், பூமாலை கட்டுபவர்கள், உறுமி மேளக் குழுவினர் ஆகியோருக்கு மார்ச் 18 அன்று வருமானமே நின்றது. முடிதிருத்தும் நிலையங்கள் திறக்கலாம் என்று ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்து, சில நாள்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. அவை மீண்டும் திறக்க ஜூன் 10 ஆயிற்று. முழுதாக 12 வாரங்கள்.

தஞ்சோங் மாலிமில் உள்ள புரோட்டோன் கார் தொழிற்சாலையும் உற்பத்தியை நிறுத்தியது. செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனைகளுடன் இயங்க அனுமதிக்கப்பட்டன. அதனால் தோட்டத்தில் வேலை செய்தவருக்குச் சம்பளம் வந்தது. அதே லயனில் பக்கத்து வீட்டிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போனவருக்கு வரவில்லை.

மார்ச் 27 அன்று அரசாங்கம் 250 பில்லியன் வெள்ளி மதிப்பிலான பிரிஹாத்தின் உதவித் திட்டத்தை அறிவித்தது. 4,000 வெள்ளி அல்லது அதற்கும் குறைவாக வருமானம் பெறும் குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக இரண்டு தவணைகளில் வழங்கப்பட்டது. வங்கிக் கடன்களுக்கு ஆறு மாத அவகாசமும், ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்கும் வசதியும் கிடைத்தன.

ஆனாலும் மார்ச் 18க்கும் முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏறிய நாளுக்கும் இடையில் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களைத் தாங்கியது மளிகைக் கடைக் கணக்குப் புத்தகமும், உறவினர் கைமாற்றும், நாடெங்கும் பொது இயக்கங்களும் ஆலயங்களும் இளைஞர் குழுக்களும் கொண்டுபோய்க் கொடுத்த உணவுக் கூடைகளும்தான். கூடையில் அரிசி, மாவு, சீனி, எண்ணெய், பருப்பு, நெத்திலி என்று சில பொருள்களே இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு வாரச் சாப்பாடு.

*வேப்பிலை அறிந்ததும் அறியாததும்*

நோய்ச் செய்தி பரவியதும் பல தமிழர் வீட்டு வாசல்களில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதே காட்சிதான். இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்கியவர்களும் உண்டு, இதுவே மருந்து என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுப் போனது.

தோட்டங்களில் அம்மை கண்ட வீட்டில் என்ன நடக்கும் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியார் உள்ளே வர மாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. அந்த வீட்டார் கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. வீட்டில் தாளிப்பதும் பொரிப்பதும் இல்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்பும்.

இதைச் சுகாதாரத் துறையின் மொழியில் சொன்னால் அடையாளமிடுதல், தனிமைப்படுத்துதல், முடியும் நாளைக் குறித்தல் ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. நோயை அந்த இலை போக்கவில்லை. இலையைப் பார்த்து ஆள்கள் விலகி நின்றதுதான் பரவலைத் தடுத்தது. மாரியம்மன் மீதான பயபக்தி, ஒரு கட்டுப்பாட்டை எந்தப் போலீஸும் இல்லாமல் கடைப்பிடிக்க வைத்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதைச் சாதித்தது தடுப்பூசி. ஆனால், தடுப்பூசி எட்டாத காலத்தில் விலகி இருப்பது ஒன்றே மக்களின் கையில் இருந்தது.

கோவிட் விஷயத்தில் அந்த வழக்கம் ஓர் இடத்தில் சறுக்கியது. அம்மை உடம்பில் தெரியும். முத்து போட்ட பிறகு வேப்பிலை செருகலாம். கோவிட் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். அறிகுறியே தெரியாமலும் சிலருக்கு வந்து போகும். அதற்குள் அவர் பலருக்கும் பரப்பியிருப்பார். எனவே, நோயாளியைக் கண்ட பிறகு விலகுவது என்ற பழைய முறை போதவில்லை. நலமாகத் தெரியும் எல்லாரும் ஒருவரை விட்டு ஒருவர் விலகி நிற்க வேண்டியிருந்தது. கூடல் இடைவெளி என்று அறிவிக்கப்பட்டது இதைத்தான். பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் கோயில் கதவு மூடிய நிலையில் வீட்டுப் பூசையறையோடு முடிந்ததற்கும் இதுவே காரணம்.

வாசலில் வேப்பிலை கட்டிவிட்டுக் கூட்டமாக உட்கார்ந்து பேசிய வீடு, வழக்கத்தின் வடிவத்தைக் காத்து அதன் பொருளை விட்டுவிட்டது.

*பேரா ஏற்கெனவே படித்த பாடம்*

பேரா மாநிலத்துக்கு இது முதல் அனுபவம் அல்ல. 1918ஆம் ஆண்டின் உலகளாவிய இன்புளூயன்சா காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். நெருக்கமான லயன் வீடுகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள், அதாவது பெரும்பாலும் தமிழர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் தனிமைப்படுத்த அறை ஏது?

அடுத்தது 1998ஆம் ஆண்டு. ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக் காய்ச்சல் முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. நோய் அடங்கவில்லை. பிறகு நெகிரி செம்பிலான் வரை பரவியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கோ பிங் 1999 மார்ச்சில் புதிய கிருமியைக் கண்டறிந்த பிறகுதான், அது பன்றியிடமிருந்து மனிதனுக்கு வருகிறது என்பது தெளிவானது. நிப்பா என்று பெயர் பெற்ற அந்த நோய் மலேசியாவில் 265 பேரைப் பாதித்து 105 உயிர்களைப் பறித்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன.

அப்போது உழைப்பில் குறை இல்லை. கொசுவை விரட்டிய கைகள் ஓயாமல் வேலை செய்தன. நோய் எந்த வழியாக வருகிறது என்பது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால், மூடப்பட்ட கதவு வேறு கதவாக இருந்தது.

கோவிட் காலத்திலும் இது நடந்தது. வாசலுக்கு வந்த பொருளை எல்லாம் கழுவித் துடைத்தவர்கள், காற்றோட்டம் இல்லாத அறையில் ஒன்றாகச் சாப்பிட்டனர். ஆரோக்கியமானவர்களுக்கு முகக் கவரி தேவையில்லை என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. 2020 ஆகஸ்ட் 1 முதல் நெரிசலான பொது இடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் அது கட்டாயமானது. மீறினால் 1,000 வெள்ளி அபராதம். அறிவியல் கற்றுக்கொண்டே போனபோது அறிவுரையும் மாறியது. ஆனால், ஏன் மாறுகிறது என்று விளக்கப்படாத இடங்களில் மக்கள் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டனர்.

விலையும் ஒரு தடையாக இருந்தது. 80 காசாக இருந்த முகக் கவரியின் உச்சவரம்பு விலை மார்ச்சில் 2 வெள்ளியாக உயர்த்தப்பட்டு, ஏப்ரலில் 1 வெள்ளி 50 காசாகக் குறைக்கப்பட்டது. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு ஒன்றாக நாள்தோறும் பயன்படுத்தினால் மாதம் 225 வெள்ளி. 1,100 வெள்ளிச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தையல் இயந்திரம் இருந்த வீடுகளில் துணி முகக் கவரி தைக்கப்பட்டது இதனால்தான்.

*10 கிலோமீட்டரும் மாத்திரை அட்டையும்*

ஏப்ரல் 1 முதல் வீட்டுக்கு ஒருவர் மட்டும், 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் வெளியே சென்று பொருள் வாங்கலாம் என்ற விதி வந்தது. அந்தத் தூரத்துக்குள் கிடைக்காவிட்டால் மிக அருகில் உள்ள இடத்துக்குச் செல்லவும் சட்டத்தில் இடம் இருந்தது. இந்த இரண்டாவது பகுதி பலரையும் எட்டவில்லை. சாலைத் தடுப்பில் நிறுத்துவார்கள், 1,000 வெள்ளி அபராதம் என்ற பயம் மட்டும் எட்டியது.

நகரவாசிக்கு 10 கிலோமீட்டருக்குள் பத்து பேரங்காடிகள் இருக்கும். தோட்டத்தின் உள்ளே இருப்பவருக்குச் செம்மண் சாலை தாண்டி டவுனுக்கு வரவே பாதித் தூரம் ஓடிவிடும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மோட்டார் சைக்கிளும் ஓட்டத் தெரியாத தனித்த மூதாட்டிக்கு விதி ஒரு பொருட்டே அல்ல. அவரால் எப்படியும் போக முடியாது.

குடும்பத் தலைவர் மட்டும் கடைக்குப் போக வேண்டும் என்றதால் சிரிக்க வைத்த காட்சிகளும் உண்டு. சோம்புக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அலமாரி முன் நின்று வீட்டுக்குப் படம் அனுப்பிய அப்பாக்கள் அந்த வாரத்தின் நகைச்சுவை ஆனார்கள்.

சிரிக்க முடியாத இன்னொரு பட்டியல் மருந்துப் பட்டியல். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்களிடையே நீரிழிவு நோய் 31.4 விழுக்காடு. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கியது. ஆனால், முதல் வாரத்தில் அரிசி வாங்க ஓடிய பலர் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. மருத்துவமனைக்குப் போகவே அஞ்சி, குறித்த தேதியைத் தவற விட்டவர்களும் உண்டு. அரசு மருத்துவமனைகளின் மருந்தை அஞ்சல் வழியாகப் பெறும் வசதி முன்பே இருந்தது. அது தெரிந்தவர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

*புலனத்தில் வந்த வைத்தியம்*

பூண்டு, இஞ்சி, கொதிநீர் ஆவி என்று வந்து குவிந்த குரல் பதிவுகளுக்குக் கணக்கில்லை. வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் போய் அமிலத்தில் அழிந்துவிடும் என்று அப்போதைய சுகாதார அமைச்சரே தொலைக்காட்சியில் கூறிப் பெரும் விமர்சனத்துக்கு ஆளானார். அமைச்சரின் பேச்சே அப்படி இருக்கும்போது, சித்தப்பா அனுப்பிய செய்தியை நம்பியவரை எப்படிக் குறை சொல்வது?

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 'செபெனார்ஞா' இணையத்தளம் வதந்திகளை மறுத்து வந்தது. சுகாதாரத் துறையின் அப்போதைய தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் மாலையில் எண்ணிக்கையை வெளியிட்டார். அதே நேரம், அதே முகம், மறைக்காத எண். அந்த ஒழுங்கு பலருக்குத் தைரியம் தந்தது. ஆனால், அது மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ் மட்டும் அறிந்த பாட்டிக்கு அதைச் சொல்ல வீட்டில் ஒரு பேரப்பிள்ளை தேவைப்பட்டது. பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் புலனம்தான் வைத்தியர்.

*அடுத்த முறைக்கு ஐந்து வேலைகள்*

அந்த நாள்களைத் திரும்பிப் பார்க்கும்போது, எந்த ஊரிலும் பெரிய செலவின்றி முன்கூட்டியே செய்துவைக்கக்கூடிய சில வேலைகள் தெரிகின்றன.

1. தனியாக வாழும் முதியவர்கள், நடமாட முடியாதவர்கள், நாள்கூலியை நம்பியிருக்கும் குடும்பங்கள் யார் யார் என்ற பட்டியல் ஊரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். ஆலய நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்புச் சங்கம் எதுவானாலும் சரி. பட்டியல் இல்லாத ஊரில் உணவுக் கூடை ஒரே வீட்டுக்கு மூன்று முறை போகும், பக்கத்து வீட்டுக்குப் போகாது.

2. நீண்ட நாள் நோயாளிகள் வீட்டில் கூடுதலாக இரண்டு வார மருந்து இருக்க மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அரிசிக்கு முன் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. பொருளை ஒரே நாளில் அள்ளாமல், சாதாரண நாள்களிலேயே மாதம் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கிச் சேர்க்கலாம். அந்தக் காலத்து வீடுகளில் அடுத்த சம்பளம் வரைக்கும் தாங்கும் அரிசித் தகரம் ஒன்று தனியாக இருந்தது.

4. அரசாங்க அறிவிப்பைப் படித்து, விதியின் இரண்டாவது பகுதியையும் சேர்த்துத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை ஊரின் புலனக் குழு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளலாம்.

5. புதிய நோய் என்றால் முதல் கேள்வி, 'இது எப்படிப் பரவுகிறது?' என்பதாக இருக்க வேண்டும். பதில் மாறினால் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. முதல் வேலைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். 2020 மார்ச் 17 காலையில் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாரையும் நாம் பார்த்தோம். வரிசைக்கே வர முடியாதவர்கள் அன்று எந்தப் படத்திலும் இல்லை. அவர்களின் பெயர்கள் அந்த நோட்டுப் புத்தகத்தில் இப்போதே இருக்க வேண்டும்.